கேள்வி-பதில்: கிதாருக்கு நிறம் மாறும் கார் பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: என்னுடைய பழைய எலெக்ட்ரிக் கிதாரில் கறுப்பு பெயிண்ட் ஓரங்களில் பெயர்ந்துவிட்டது. நேராகப் பார்த்தால் பச்சை, சாய்த்துப் பார்த்தால் ஊதா என்று மாறுகிற கார் பெயிண்டை அதற்கு அடிக்க ஆசை. பவுடரை ஆன்லைனில் வாங்கி நானே அடிக்கலாமா, கார் பட்டறையில் கொடுக்கலாமா? மரத்துக்குக் கார் பெயிண்ட் ஒத்துக்கொள்ளுமா?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக ஒத்துக்கொள்ளும். ஃபெண்டர் நிறுவனம் 1950, 60களில் தன் கிதார்களுக்குக் கொடுத்த ஸ்பெஷல் நிறங்களில் பல, டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காகத் தயாரித்த டியூக்கோ, லூசைட் பெயிண்டுகள்தான். எனவே அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் பையில் இருக்கிற 500 ரூபாய் நோட்டை எடுத்து, முன்பக்கம் வலது கீழ் மூலையில் இருக்கும் எண்ணைச் சாய்த்துப் பாருங்கள். பச்சை மெல்ல நீலமாகும். உயர்ரக நிறம் மாறும் பெயிண்டிலும் இதே தத்துவம்தான். பெயிண்டில் உள்ள ஒவ்வொரு செதிலும் அடுக்கடுக்காக இருக்கும்: நடுவில் அலுமினியம், இரு பக்கமும் மக்னீசியம் ஃப்ளோரைடு, அதற்கு மேல் மிக மெல்லிய குரோமியம். எல்லாம் சேர்ந்தே சுமார் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் சில நிறங்கள் வலுக்கும், சில அடங்கும். கோணம் மாறினால் எது வலுக்கும் என்பதும் மாறும். விலை குறைந்த பாக்கெட்டுகளில் வருவது பெரும்பாலும் மேல்பூச்சு கொடுத்த மைக்கா தூள். அதுவும் நிறம் மாறும், ஆனால் அடங்கலாக. இரண்டின் விலையும் வெகுதூரம் விலகியிருக்கும். வாங்கும் முன் எந்த வகை என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, விளம்பரப் படத்தில் காட்டுவது கார். காரின் மட்கார்டும் பானெட்டும் வளைந்து வளைந்து போவதால் ஒரே பார்வையில் மூன்று நிறம் தெரிகிறது. மயில்கழுத்துப் பட்டு மடிப்பில்தானே ஜொலிக்கும், விரித்துப் போட்டால் ஒரே நிறமாகக் கிடக்கும். உங்கள் கிதார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி விளிம்பு வழித்து, கை வைக்கும் இடம் சரித்துச் செய்ததாக இருந்தால் பெயிண்ட் நன்றாக விளையாடும். டெலிகாஸ்டர் மாதிரித் தட்டையான பலகை என்றால், அசைக்கும்போது மட்டுமே மொத்தமாக நிறம் மாறும். மேடையில் அது போதும், சுவரில் மாட்டி வைக்கப் போதாது. கொடுக்கிற பணத்துக்கு உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நானே அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்க்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள், அடிக்கும் வேலையைப் பட்டறைக்கு விடுங்கள் என்பதே என் பதில். நிறத்துக்கு மேலே போடும் கெட்டியான, நிறமில்லாத பூச்சுக்கு டூ-கே க்ளியர் என்று பெயர். அதில் இறுகவைக்கும் ஹார்ட்னர் கலக்க வேண்டும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தூவானத்தைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் போகாமலும் இருக்கலாம். துணி மாஸ்க், மருந்துக்கடை மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. வீட்டு மாடியில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதை அடிக்கவே அடிக்காதீர்கள். ஹார்ட்னர் இல்லாத ஸ்ப்ரே கேன் க்ளியர் கிடைக்கிறது. ஆனால் அது மெத்தென்று இருக்கும், கை வியர்வை படும் இடத்தில் சீக்கிரம் மங்கும்.

தேய்ப்பதிலும் வேலையை மிச்சப்படுத்தலாம். பழைய பெயிண்டை மரம் தெரியும் வரை உரிக்க வேண்டியதில்லை. ஆலையில் அடித்த அந்தக் கெட்டிப் பூச்சு நல்ல அஸ்திவாரம். பெயர்ந்த இடத்தில் பட்டி வைத்து, 320, அப்புறம் 400 உப்புத்தாளால் பளபளப்பு போகும்படி தேய்த்தாலே போதும். பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்), பாலம், வயர் எல்லாவற்றையும் கழற்றி உடல் பலகையை மட்டும் கொண்டுபோங்கள். கழுத்து உட்காரும் குழியில் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அங்கே பெயிண்ட் கனம் ஏறினால் கழுத்து சரியாக உட்காராது.

கடலூரிலும் பாண்டியிலும் டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லோரும் கிதார் அடித்தவர்களாக இருக்க மாட்டார்கள், அதனால் சிலவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிறம் மாறும் பெயிண்டுக்கு அடியில், காருக்கு அடிக்கும் கறுப்பு பெயிண்டைத்தான் போட வேண்டும். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் கறுப்பைப் போட்டால் மேலே வரும் தின்னர் அதைச் சுருக்கி எழுப்பிவிடும். நிறம் மாறும் பெயிண்டை மெல்லியதாக மூன்று நான்கு முறை, இடையில் காயவிட்டு அடிக்க வேண்டும். அந்தப் பூச்சுகளுக்கு நடுவில் உப்புத்தாள் படக்கூடாது, செதில்கள் கலைந்து திட்டுத்திட்டாகிவிடும். தேய்ப்பு, பாலிஷ் எல்லாம் க்ளியர் காய்ந்த பிறகுதான். காரைச் சூடுபடுத்திக் காயவைப்பது போல 60 டிகிரியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த உடல் பலகையின் பசைக்கு அது ஆகாது. காற்றிலேயே காயட்டும், குறைந்தது ஒரு வாரமாவது கழித்துப் பாகங்களைப் பூட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். நம் கடலோர ஈரத்தில் ஹார்ட்னர் தண்ணீரோடு வினைபுரிந்து குமிழி விடும். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சின்ன மரத்துண்டில் மாதிரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு, நிறம், க்ளியர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதை வெயிலுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பாருங்கள், டியூப்லைட் வெளிச்சத்திலும் பாருங்கள். பிடித்தால்தான் முன்பணம். தயங்குகிற பட்டறையாக இருந்தால் வேறு இடம் பார்க்கலாம். பில்லில் பெயிண்ட் விலையும் கூலியும் தனித்தனியாக, டூ-கே க்ளியர் என்ற சொல்லோடு இருக்கட்டும்.

கேள்வி: பச்சை-ஊதா என்று போட்டிருந்த பவுடரை ஆன்லைனில் வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்தால் வெளுத்த சாம்பல் மாதிரி இருக்கிறது. திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்றவர்.
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சண்டைக்குப் போகும் முன் ஒரு சோதனை. மைக்கா வகைத் தூள் பாக்கெட்டிலும் வெள்ளைத் தாளிலும் வெளுப்பாகத்தான் தெரியும். ஒரு சிட்டிகையைக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி மேல் வைத்து, விரலால் அழுத்தித் தேய்த்து வெயிலில் சாயுங்கள். பச்சையும் ஊதாவும் வந்தால் பொருள் சரி.

வரவில்லை என்றால் நியாயம் உங்கள் பக்கம். அந்தச் சோதனையை வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போவதென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள், அடுத்து வாங்குகிறவரும் ஏமாறுவார்.

கேள்வி: உலோகத் தூள் கலந்த பெயிண்ட் அடித்தால் கிதாரின் சத்தம் கெடுமா?
- ஒரு மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: கெடாது. எலெக்ட்ரிக் கிதாரில் எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் சேர்ந்த பிக்கப் பிடிக்கிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, அதுவும் பிசினுக்குள் சிதறிக் கிடக்கும் மிகச் சிறு செதில்கள். ஆனால் உங்களுடையது பழைய, பெயர்பெற்ற கம்பெனிக் கிதாராக, முதலில் அடித்த பெயிண்டோடு இருந்தால் கை வைக்காதீர்கள். மறுபடி பெயிண்ட் அடித்த பழைய கிதாருக்கு வாங்குகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.