காய் தொங்கும் செடியை வாங்காதீர்கள்

போன மாதம் மொட்டைமாடி அத்தியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள். சுருக்கித் தருகிறேன்.

பைபிளில் சகேயு என்பவர் ஏறிய காட்டத்தியின் விதை, புனித பூமியிலிருந்தே வந்தது என்று சொன்னதால் இணையக் கடையில் 10 விதை 450 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. நான் தண்ணீர் அதிகம் ஊற்றியதுதான் காரணம் என்கிறார்கள். (வாசகி, நாகர்கோவில்)

உங்கள் மேல் தவறே இல்லை அம்மா. பைபிளில் வரும் காட்டத்தியை வெளிநாட்டில் சைக்கமோர் அத்தி என்பார்கள். அத்தி இனத்துக்கே பூ வெளியில் தெரியாது, எல்லாம் காய்க்குள்ளே இருக்கும். ஒரு பொடிக் குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை முளைக்கும். சைக்கமோருக்கு உரிய அந்தக் குளவி சகாராவுக்குத் தெற்கே உண்டு. எகிப்து, இஸ்ரேல் பக்கம் அது இல்லாமல்தான் காலங்காலமாகக் கம்பை வெட்டி நட்டு மரமாக்கினார்கள். பழம் கிடைக்கும், முளைக்கும் விதை கிடைக்காது. அங்கிருந்து வந்த விதை என்று உங்களிடம் எதை விற்றார்களோ!

பணத்தை விடாதீர்கள். சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறு என்றால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று இணைய விற்பனையாளர் சொல்ல முடியாது. 2020-இல் வந்த இணைய வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். நாளை அது இருக்காது.

ஹாலில் ஏசி பக்கத்தில் அத்திச் செடி வைக்கலாமா? (வேளச்சேரி)

வைக்கலாம். சாகும்.

மலர்க் கண்காட்சியில் ஏழு காய்களோடு இருந்த அத்தியை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். பத்தே நாளில் காய் எல்லாம் உதிர்ந்துவிட்டது. (கோவை)

வாருங்கள், நானும் உங்கள் கட்சிதான். சில வருடங்களுக்கு முன்பு ஐந்து காய் தொங்கிய செடியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த வாரமே ஐந்தும் தரையில். பையைக் கிழித்துப் பார்த்தால் மண் ஒரு பிடிகூட இல்லை. வேர்தான் சும்மாடு சுற்றியது மாதிரி அடியில் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. வேருக்கு இடம் இல்லாத அத்தி வளர்ச்சியை விட்டுவிட்டுக் காய்ப்பில் இறங்கும். நாம் அதைப் பார்த்துவிட்டு, 'அடேயப்பா, இந்தப் பொடிச் செடியே இத்தனை காய்க்கிறதே' என்று பர்ஸைத் திறக்கிறோம். வீட்டுக்கு வந்து ஒருநாள் தண்ணீர் தவறினால் போதும், காயைக் கழற்றிப் போட்டுவிடும்.

காய்க்காகச் செடி வாங்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கிலோ கணக்கில் காய் வாங்கத்தான் கடைத்தெரு இருக்கிறதே! செடி வாங்கும்போது கீழே பாருங்கள். பையின் துளையில் தடித்த வேர் நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். தண்டை லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும் போல இருந்தால், நேற்று குத்திய போத்து (வெட்டி நட்ட கம்பு), அதுவும் வேண்டாம். ரகத்தின் பெயரைக் கேளுங்கள்: பூனா, டயானா, பிரவுன் டர்க்கி என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். போத்தா, பதியனா (தாய் மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் விடவைத்து வெட்டியது) என்றும் கேளுங்கள். இந்த ரகங்களுக்குக் குளவியே வேண்டாம், ஓரிரு வருடத்தில் காய்க்கும். 'விதையில் போட்டது சார், ஸ்ட்ராங்கா வரும்' என்றால் நடையைக் கட்டுங்கள். விதைச் செடியில் பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகும், உண்ணும் பழம் தராது.

உங்கள் செடி சாகவில்லை. வேரைப் பிரித்து, சுருண்டதை வெட்டி, 18 அங்குலத் தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து வையுங்கள். தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். இந்த வருடம் காயை மறந்துவிடுங்கள்.

இரண்டு வருடத்தில் எட்டடி வளர்ந்து தொட்டியைப் பிளந்துவிட்டது, ஒரு காய் இல்லை. அத்தி என்றுதான் கேட்டு வாங்கினேன். (திருச்சி)

என்ன அத்தி என்று கேட்டீர்களா? இலை உள்ளங்கை போல விரல் விரலாகப் பிரிந்து, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தால் அது சீமை அத்தி, மேலே சொன்ன ரகங்கள் எல்லாம் அதுதான். உங்கள் படத்தில் இருக்கும் இலை முழுசாக, வழவழப்பாக, நீளமாக இருக்கிறது. நாட்டு அத்தி ஐயா! அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற ஆற்றங்கரை மரம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்கவில்லை. வேர் சுவருக்குள் போவதற்குள் ஏதாவது குளக்கரையில் கொண்டுபோய் நட்டுவிடுங்கள்.

லண்டனில் சைக்கமோர் போன்சாய் வாங்கி ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். அக்டோபரில் இலை எல்லாம் கொட்டிவிட்டது. பணம் திரும்பக் கேட்கலாமா? (ஹாரோ)

எதற்கு? பெயர்தான் ஒன்று. பிரிட்டன் சைக்கமோர் அத்தியே இல்லை, மேப்பிள் இனம். இலையுதிர் காலத்தில் இலை கொட்டுவது அதன் வேலை. குளிர்காலக் குளிர் அதற்குக் கட்டாயம் தேவை, உடனே வெளியே வையுங்கள். தொட்டி மண் கெட்டியாக உறையாமல் சுற்றி எதையாவது போர்த்தினால் போதும். அடுத்த கோடையில் இலையில் தார் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளி வந்தால் எனக்கு எழுத வேண்டாம். அது ஒரு பூஞ்சை, மரத்தைக் கொல்லாது.

பழுப்பதற்குள் அணில் தின்றுவிடுகிறது. காயாகப் பறித்து அரிசிப் பானையில் வைக்கலாமா? (மதுரை)

பழுக்காது. வலை கட்டுங்கள். பறிக்கும்போது பால் கையில் படாமல் பாருங்கள், வெயில் பட்டால் தோல் வெந்துபோகும்.

மழைக்காலத்தில் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி. நர்சரியில் 900 ரூபாய் டானிக் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். (கடலூர்)

துரு நோய். டானிக் அதற்கு மருந்து இல்லை. பொடி பிடித்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், தொட்டிக்குள் போடாதீர்கள். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். மழை நின்றதும் புது இலை விடும். 900 ரூபாய்க்கு வலை வாங்கலாம், மேலே மதுரைக்காரரைக் கேளுங்கள்.