ஃப்ளூவுக்குப் பனியைக் குறை சொல்லலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 34, கொழுந்து பறிக்கிறேன். கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் போன மாதம் காய்ச்சலும் இருமலும் வந்தன, ஃப்ளூ என்றார்கள். நான்கு நாளில் எனக்கும், பிறகு மாமியாருக்கும் வந்தது. மாமியாருக்கு வயது 67, சர்க்கரையும் இழுப்பும் உண்டு. அவர் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பினார். கணவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. குல்லா போடாமல் பிள்ளையைப் பனியில் அனுப்பியதால்தான் இத்தனையும் என்று வீட்டில் என்னைச் சொல்கிறார்கள். உண்மையா? மறுபடி வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: குல்லாவுக்காக நீங்கள் யாரிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை, அம்மா. ஃப்ளூ வைரஸ் பனியில் இருப்பதில்லை. இன்னொரு மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. 1957-இல் ஆசியக் காய்ச்சல் என்ற புது ஃப்ளூ சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. வந்தது மே மாதத்தில். சென்னையில் மே மாதம் பனி ஏது? அந்த வைரஸை ஆராய்ந்தது நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம்தான். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாம் இன்னும் பனியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். குளிர்ந்த, வறண்ட காற்றில் இந்த வைரஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதைவிட, குளிர் வந்ததும் நாம் செய்கிற வேலைதான் வைரஸுக்கு வசதி. கதவைச் சாத்துகிறோம். ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணிக்கிறோம். கரி அடுப்பை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி உட்காருகிறோம்.

உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் வேன் நிறைய ஆள் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும். துணியால் துடைப்பார், இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். பின் சீட்டுப் பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதும். அந்த ஈரம் உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சு. ஒருவர் விட்டதை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இருமுகிறவர் ஒருவர் அதில் இருந்தால் அவருடைய நுண்துளிகளும் அதே காற்றில்தான் மிதக்கும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் காற்று மாறிவிடும். வீட்டு ஜன்னலுக்கும் இதே கணக்குதான்: காலையில் உள்பக்கம் நீர் வழிந்தால் இரவு முழுக்கக் காற்று மாறவில்லை என்று அர்த்தம்.

இனி உங்கள் வீட்டுக் கதை. நோய் தொற்றுவது வேறு, தொற்றிய பிறகு முற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தொற்றுவதற்கு நெருக்கமும் நேரமும் போதும். ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பரப்புவார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார், குழந்தைகள் இன்னும் சில நாள் கூடுதலாக. உங்கள் மகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்த நாளிலேயே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. நெற்றியில் ஈரத்துணி போட்டு, பக்கத்திலேயே படுத்த உங்களுக்கு அடுத்தபடியாக வந்ததில் வியப்பில்லை. தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள் அறிகுறி தெரியும். கணவருக்கு முன்பே வந்துபோன ஃப்ளூவின் எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கலாம்; அறிகுறியே இல்லாமல் வந்து போயும் இருக்கலாம். அவருடைய உடம்பு இரும்பு என்று நம்ப வேண்டாம்.

மாமியார் விஷயம் முற்றுகிற வகை. 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இழுப்பு என்று மூன்றும் அவரிடம் சேர்ந்திருக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய, சிறுநீரக நோயாளிகள் இவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. இதோடு புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீடியும் விறகுப் புகையும் மூச்சுக்குழாயின் தற்காப்பையே கெடுத்துவிடும். கரி அடுப்பு இன்னும் மோசம்: மூடிய அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கும் முன் அதை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். இது ஃப்ளூவைவிட அவசரம்.

வருடத்துக்கு ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு கிடைக்கும் என்பதால் மழைக்காலம் தொடங்கும் முன் போடுவது நல்லது. முதலில் மாமியாருக்கு, முடிந்தால் மற்றவர்களுக்கும். ஊசி போட்டாலும் ஃப்ளூ வரக்கூடும், ஆனால் மருத்துவமனை வரை போகும் வாய்ப்பு குறையும்.

லைன் வீட்டில் நோயாளிக்குத் தனி அறை கொடுங்கள் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அடுத்த முறை மகளுக்குக் காய்ச்சல் வந்தால், பாட்டியோடு படுக்க வைக்காதீர்கள். ஒருவர் தலை இருக்கும் பக்கம் மற்றவர் கால் வரும்படி பாயை மாற்றிப் போடுங்கள். ஜன்னலில் உள்ள சாக்கைக் கொஞ்சம் உருவுங்கள். பார்த்துக்கொள்கிறவரும் நோயாளியும் முகக்கவசம் போடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மாமியாருக்கு மறுபடி காய்ச்சலும் இருமலும் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். முன்பு வாங்கி மீந்த ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இழுப்புக்கான இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாவது, குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். வண்டி ஓட்டத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே.