பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன அப்பாவுக்கு ரத்தத்தில் சி.இ.ஏ. (குடல் புற்று இருந்தால் பெரும்பாலும் கூடுகிற ஒரு புரதம்) மறுபடி ஏறுகிறது. கதிரியக்க ஆன்டிபாடி ஸ்கேன் என்று படித்தேன். சென்னையில் எடுக்க முடியுமா?

அந்த ஸ்கேனைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் படித்த மருந்துகள் உண்மையில் இருந்தவைதான், ஆனால் இப்போது விற்பனையில் இல்லை. சென்னையில் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சி.இ.ஏ. ஏறிய ரிப்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு இங்கே எடுப்பது பெட் சி.டி. ஸ்கேன். எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரையை ஊசி போட்டு, அதை அதிகம் இழுக்கிற இடத்தைப் படமெடுப்பது.

யோசனை என்னவோ அருமையானது. குடல் புற்றுச் செல்கள் பெரும்பாலும் சி.இ.ஏ. மாதிரி சில புரதங்களைத் தாங்கி நிற்கும். அதைத் தேடிப்போய் ஒட்டுகிற ஆன்டிபாடியில் கதிரியக்க அணுவைக் கோத்து ஊசி போட்டால், ஒட்டிய இடத்தை காமா கேமரா காட்டிவிடும். 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்கோசின்ட், டேக்-72 என்ற புரதத்தைக் குறிவைத்தது, இண்டியம்-111 என்ற கதிரியக்க அணு ஏற்றியது. முழு ஆன்டிபாடி உருவத்தில் பெரியது, ரத்தத்தை விட்டு இறங்கவே நாளாகும். ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் படம். போதாததற்கு இண்டியம் கல்லீரலில் போய்த் தங்கிவிடும். குடல் புற்று அதிகம் பரவுகிற இடமே கல்லீரல்தான். அங்கே படம் தெளியாவிட்டால் என்ன பிரயோஜனம்?

1996-ல் வந்த சி.இ.ஏ.-ஸ்கேன், ஆன்டிபாடியின் துண்டை மட்டும் எடுத்து டெக்னீசியம்-99எம் என்ற வேறொரு கதிரியக்க அணுவைச் சேர்த்தது. அன்றைக்கே படம் எடுக்கலாம். ஆனால் இரண்டுமே எலியின் ஆன்டிபாடி. சிலருக்கு உடம்பு அதை எதிர்த்து ஆன்டிபாடி உண்டாக்கிவிடும். பிறகு எடுக்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனைகூடத் தப்பாகக் காட்டலாம். பெட் பரவியதும் இவை ஓரங்கட்டப்பட்டன.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையால் குடல் நெடுக எஃப்.டி.ஜி. ஏறி, படத்தில் பளிச்சென்று எரியும். நடுவில் ஒரு சின்னக் கட்டி இருந்தால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பெரும்பாலும் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்கேன் அன்றைக்கு வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். "காபி மட்டும்தான் குடிச்சேன் சார்" என்று வந்து, ஸ்கேன் தள்ளிப்போய்த் திரும்புகிற பெரியவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் 'மியூசினஸ்' (சளி மாதிரிப் பொருள் நிறைந்த கட்டி) என்று இருந்தால் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அந்த வகைக் கட்டி பெட்டில் மங்கலாகத்தான் தெரியும், எம்.ஆர்.ஐ.யும் வேண்டுமா என்று டாக்டர் அப்போதே முடிவு செய்ய முடியும்.