அமெரிக்க எட்டும் நம் ஊர் எட்டும்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு வருடமாக நிட்டிங் பழகுகிறேன். டொராண்டோவில் இருக்கும் இரண்டு வயதுப் பேரனுக்கு, ஓர் அமெரிக்கப் பேட்டர்னைப் பார்த்து, அதில் சொன்ன 8-ஆம் நம்பர் ஊசியிலேயே ஸ்வெட்டர் பின்னினேன். எண்ணி எண்ணித்தான் கண்ணி போட்டேன். போன மாதம் வந்தவனுக்குப் போட்டுப் பார்த்தால் பட்டன் எட்டவே இல்லை. மருமகளுக்குக் காட்டன் நூலில் போட்ட டாப், துவைத்துக் கொடியில் காயப்போட்டதும் தொடை வரை இறங்கிவிட்டது. கணவருக்குப் போட்ட உல்லன் மஃப்ளர் இரண்டு ஓரமும் குழாய் மாதிரி சுருள்கிறது. அயர்ன் பண்ணலாமா? நான் மாற்ற வேண்டியது ஊசியையா, நூலையா, என் கையையா?

பதில்: முதலில் அயர்ன் பாக்ஸை ஓரமாக வையுங்கள். நம் கடைகளில் 'உல்லன்' என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். சூடான இரும்பு பட்டால் அக்ரிலிக் இழை துவண்டு, பளபளவென்று ஆகிவிடும். அதற்கப்புறம் எத்தனை முறை துவைத்தாலும் பழைய உப்பல் திரும்பாது. உங்களுடையது எது என்று தெரிய வேண்டுமானால் விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் அக்ரிலிக்.

மஃப்ளர் சுருள்வதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. முன்பக்கம் முழுக்க நிட் (நேர்ப் பின்னல்), பின்பக்கம் முழுக்க பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று போனால் எந்த நூலும் சுருளும். அந்தப் பின்னலின் குணமே அது. அடுத்த முறை இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள். மஃப்ளருக்கு அதைவிட நல்லது, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று முழுவதும் ரிப்பாகப் பின்னிவிடுவது. கையில் இருப்பதற்கு, ஓரங்களில் குரோஷா ஊசியால் இரண்டு வரிசை போட்டால் ஓரளவு அடங்கும். முழுதாக அடங்காது.

இனி ஸ்வெட்டர். ஊசி நம்பரில் இரண்டு முறைகள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பழைய பிரிட்டிஷ் முறை, கம்பிக்குக் கேஜ் சொல்வதிலிருந்து வந்தது. எலக்ட்ரீசியனைக் கேட்டால் தெரியும், கேஜ் ஏற ஏறக் கம்பி மெலியும். அமெரிக்க முறையில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. பத்தாம் நம்பரில் இடைவெளி இன்னும் மோசம்: பிரிட்டிஷ் 10 என்றால் 3.25 மி.மீ., அமெரிக்க 10 என்றால் 6 மி.மீ. நம் ஊரில் வழக்கம் பிரிட்டிஷ் நம்பர்தான். நீலகிரியில் கேத்தியில் இருக்கிறதே, போனி ஊசி செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸ், அதுவே 1949-இல் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் கிளையாகத் தொடங்கியதுதான். எனவே நம்பரை விட்டுவிட்டு, உறையில் மி.மீ. பார்த்து வாங்குங்கள். உறை தொலைந்த பழைய ஊசிகளுக்கு, அளவு ஓட்டைகள் போட்ட சின்னத் தகடு கிடைக்கும். ஊசியை நுழைத்துப் பார்த்தால் போதும்.

உங்கள் பேட்டர்ன் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி கேட்டது, மார்புச் சுற்றளவு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 108 கண்ணி. நீங்கள் எடுத்த 4 மி.மீ. ஊசியில் அதே நூல் 10 செ.மீ.க்கு 22 கண்ணியாக நெருங்கியிருக்கும். 108-ஐ 22-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். 49 செ.மீ.தான் வருகிறது. பதினொரு செ.மீ. காணவில்லை! கண்ணிகளை நீங்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கண்ணியும் குட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஸ்வெட்டரைப் பிரிக்க வேண்டாம். ஆறு மாதக் குழந்தைக்குச் சரியாக இருக்கும், கை நீளமாக இருந்தால் மடித்துவிடலாம்.

ஊசி அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே ஊசி, ஒரே நூலில் நீங்களும் நானும் பின்னினால் இரண்டு அளவு வரும். நான் இழுத்துப் பின்னுகிறவள். பெரும்பாலும் பேட்டர்ன் சொல்வதைவிட அரை மி.மீ. பெரிய ஊசிதான் எடுப்பேன். அதனால்தான் மாதிரித் துண்டு. எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான். நானும் பல வருடம் தவிர்த்தேன். நாலு விரல் அகலத்துக்குப் போட்டுவிட்டு 'சரியாகத்தான் இருக்கு' என்று சொல்வதெல்லாம் கணக்கில் வராது. குறைந்தது 15 செ.மீ. அகலமும் உயரமும் பின்னுங்கள். ஊசியிலிருந்து எடுத்து, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவையுங்கள். ஓரக் கண்ணிகள் பொய் சொல்லும், ஆகவே நடுவில் 10 செ.மீ. குறித்து எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 90 செ.மீ. சுற்றளவுள்ள பெரியவர் ஸ்வெட்டரில், 22 வர வேண்டிய இடத்தில் 21 வந்தாலே 4 செ.மீ. பெரிதாகிவிடும். கண்ணி கூடுதலாக வந்தால் தடித்த ஊசிக்கும், குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும் மாறுங்கள். கையை மாற்ற முயலாதீர்கள். இரண்டாம் நாளே பழைய இறுக்கத்துக்குப் போய்விடும்.

காட்டன் டாப்பில் நூலைக் குறை சொல்ல மாட்டேன். கம்பளி இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும், பருத்தி அப்படித் திரும்பாது. நனைந்தால் கனமும் கூடும். அந்தக் கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரே கீழே இழுத்துவிடும். பருத்திப் பின்னலைத் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, தரையில் அளவு பார்த்து விரித்துக் காயவையுங்கள்.

இறங்கியதை வெட்டிவிடலாம். நெஞ்சு பதறும், ஆனால் நடக்கும். வேண்டிய நீளத்தில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒவ்வொரு கண்ணியிலும் வலதுகாலை (V வடிவின் வலது பக்க இழையை) மட்டும் பிடித்து, மெல்லிய வட்ட ஊசியை (இரண்டு முனைகளையும் வளையும் கேபிள் இணைக்கும் ஊசி) சுற்றிலும் நுழையுங்கள். திரும்ப எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூட விடுபடக் கூடாது. அதற்கு நேர் கீழ் வரிசையில் ஏதாவது ஒரு கண்ணியை மட்டும் கத்தரியுங்கள். அந்த நூலைத் தடித்த தையல் ஊசி முனையால் கண்ணி கண்ணியாக உருவிக்கொண்டே போனால் கீழ்ப்பகுதி தனியாகக் கழன்று விழும். மேலே உள்ள கண்ணிகள் ஊசியில் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து கீழ்நோக்கி நான்கு செ.மீ. ரிப் போட்டு, தளர்வாக முடியுங்கள். கழன்ற துண்டைப் பிரித்தால் ரிப்புக்கு நூலும் கிடைத்துவிடும். பூ வேலை, ஓட்டை வேலை உள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

பேரனுக்கு அடுத்த ஸ்வெட்டர் தொடங்கும் முன், நூல் வாங்குவதற்கும் முன்னால், டொராண்டோவுக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உடுப்பை அவர்கள் கையால் துவைப்பார்களா, மெஷினில்தான் போடுவார்களா? மெஷின் என்றால் சாதாரணக் கம்பளி வேண்டாம். சூட்டிலும் உரசலிலும் அது சிக்கிச் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும், திரும்ப விரியாது. அக்ரிலிக், அல்லது மெஷினில் துவைக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும் கம்பளி எடுங்கள். எதுவானாலும் மாதிரித் துண்டையும் மெஷினிலேயே போட்டு எடுத்த பிறகு அளந்துகொள்ளுங்கள்.