திருச்செந்தூர் கடற்கரையைப் புதுப்பித்தால் யாருக்கு லாபம்?

கேள்வி: "கூட்டம் அதிகம் வரும் ஒரு பொதுக் கடற்கரையைப் புதுப்பித்துக் கட்டினால் உள்ளூர் மக்களுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் என்ன மாறும்? யாருக்கு லாபம்?"

நான் திருச்செந்தூர்க்காரன். வேலைக்குப் பாளையங்கோட்டை போய்வருகிறேன். அதனால் எங்கள் ஊர்க் கடற்கரையை வைத்தே சொல்கிறேன். 1986 வரை திருச்செந்தூர் திருநெல்வேலி மாவட்டம்தான். மாவட்டம் பிரிந்தாலும் பேச்சு, சாப்பாடு, சம்பந்தம் எல்லாம் இன்றைக்கும் நெல்லைச் சீமையோடுதான்.

வருகிறவர்களுக்கு வசதி கூடுகிறது. அது வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர்க்காரருடைய கதி மட்டும் வரைபடம் போடும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அவர் கடை போடுகிற இடமும் படகு ஏற்றுகிற இடமும் அதில் குறித்திருந்தால் பிழைத்துக்கொள்வார். விட்டுப்போயிருந்தால், வேலை முடிந்த பிறகு எத்தனை மனு கொடுத்தாலும் அவர் பேர் "ஆக்கிரமிப்பாளர்".

முதலில் வருகிறவர்கள் பக்கம். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம் என்று லட்சக்கணக்கில் கூடுகிற கரை இது. சூரசம்ஹாரமே கடற்கரையில்தான் நடக்கிறது. சமீப வருஷங்களில் பௌர்ணமி இரவு கடற்கரையில் தங்கினால் நல்லது என்ற நம்பிக்கை பரவி, சாதாரண மாதங்களிலும் ராத்திரி முழுக்க மணலில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். கோயிலில் 300 கோடி ரூபாய்க்குப் பெருந்திட்டம் போட்டார்கள். 200 கோடி எச்.சி.எல். தரப்பு நன்கொடை, 100 கோடி கோயில் நிதி. காத்திருப்பு மண்டபம், முடிக்காணிக்கை மண்டபம், அன்னதானக் கூடம், தங்கும் விடுதி என்று வேலைகள் நடந்து, 2025 ஜூலை 7-ல் கும்பாபிஷேகமும் ஆனது. இவ்வளவு கூட்டத்துக்கு இது ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். கடலில் முங்கி, அப்புறம் கோயிலை ஒட்டிக் கரையோரமாக இருக்கிற நாழிக்கிணற்றில் குளித்து, பிறகு சாமி கும்பிடுவதுதான் இங்கே முறை. ஈரச் சேலையோடு கரையேறுகிற பெண்கள் எங்கே உடை மாற்றுவார்கள்? நாலு பேர் சேலையை விரித்து வட்டமாகப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒருத்தி அவசர அவசரமாக மாற்றுவாள். கடல் காற்று சேலையைத் தூக்கும். ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் முந்தானையுமாக நிற்கிறவள், பறக்கிற முனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வாள். என் அம்மா, சித்தி எல்லாரும் அப்படித்தான் மாற்றியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரு உடை மாற்றும் அறைக்கு முன்னால் அலங்கார விளக்கும் செல்பி எடுக்கிற பெயர்ப்பலகையும் எனக்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் கட்டுகிற செலவு ஒருமுறை, நடத்துகிற செலவு தினமும். பௌர்ணமி ராத்திரி மூணு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிவுத் தொட்டி நிரம்பினால் லாரி எந்த வழியாக வந்து எடுக்கும், எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்பதுதான் கேள்வி. இதற்கு வழி செய்யாமல் கட்டினால், இரண்டே விழாவில் அந்தக் கட்டடத்துப் பின்சுவர்தான் கழிப்பறை. அந்த நாற்றத்தில் வருஷம் முழுக்க இருக்கப்போவது ஊர்க்காரர்.

நீலக்கொடிச் சான்று பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தருகிற சர்வதேசச் சான்று அது. 1985-ல் பிரான்சில் தொடங்கியது. மொத்தம் 33 நிபந்தனைகள். தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் 2021-ல் வாங்கியது. மூங்கில் குடையும் நாற்காலியும்தான் படத்தில் வருகின்றன. ஆனால் அந்த நிபந்தனைகளில் கனமானவை கடல் நீரின் தரமும், கழிவுநீர் கலக்கக்கூடாது என்பதும், உயிர்காப்பாளர் இருக்க வேண்டும் என்பதும். நம் ஊர்த் திட்டங்களில் குடை சீக்கிரம் வந்துவிடுகிறது, உயிர்காப்பாளர் வருவதற்குத்தான் காலம் ஆகிறது.

இனி ஊர்க்காரர். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி உண்டு. தை மாதம் பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு, மற்ற நாளெல்லாம் அவித்த கடலையும் மாங்காய்ப் பத்தையும். கடலிலிருந்து ஏறி வருகிற வழியில், மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுகிற பக்கமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒரு விழாவுக்கு முன்னால் கரையைச் சீர்படுத்துகிறோம் என்று எல்லாரையும் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். விழா முடிந்ததும் திரும்ப வந்துவிடலாம் என்று வாய்வார்த்தை. விழா முடிந்தது, தரைக்கல் பதிக்கிற வேலை தொடங்கியது, பழைய இடத்தில் ஒரு கம்பிவேலி முளைத்தது. "யாவாரம் எப்படி ஆச்சி?" என்று கேட்டேன்.

"கடல்ல முங்கி எந்திரிச்சு வாறவனுக்குத்தான் ஐயா பசிக்கும். இங்க வாறவன் பஸ்ஸ விட்டுருவமோன்னு புள்ளயள இழுத்துக்கிட்டு ஓடுதான். அவனுக்கு எங்க கெழங்கு உரிச்சுத் திங்க நேரம்?"

இதைவிடத் தெளிவாக எந்தத் திட்ட அறிக்கையும் சொல்லாது. மாற்று இடம் கொடுத்தோம் என்று கோப்பில் எழுதிவிடுவார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் சில நூறு அடி தள்ளிப் போனால் அது வேறு தொழில், வேறு வாடிக்கையாளர். நடைபாதைக் கடைக்குச் சரக்கே அந்த இடம்தான்.

ஆச்சி மாதிரி இருப்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, கணக்கெடுத்து விற்பனைச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒவ்வொரு நகராட்சியிலும் விற்பனைக் குழு என்று ஒன்று அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடற்கரைத் திட்டம் எதுவானாலும் இந்தக் குழுவின் மேசைக்கு முதலில் வந்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

அடுத்தது மீனவர்கள். கோயிலை ஒட்டி அமலிநகர், ஜீவா நகர், தெற்கே ஆலந்தலை. திட்டம் போடுகிறவர் காலையில் பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து பார்க்கிறார். மணல் காலியாகக் கிடக்கிறது, நடைபாதை போடலாம் என்று குறித்துக்கொள்கிறார். அதே மணலில் விடிவதற்கு முன்னால் படகு ஏறியிருக்கும், ஏலம் நடந்திருக்கும். வெயில் ஏறியதும் வலை உலரும், மிஞ்சிய மீன் கருவாடாகக் காயும். கடல் பொங்குகிற நாளில் படகுகளை இன்னும் மேலே இழுத்து வைக்கவும் அந்த வெற்றிடம்தான் வேண்டும். காலியாகத் தெரிகிற மணலுக்கும் வேலை இருக்கிறது, அதைப் பார்க்கும் நேரம்தான் வேறு. கரையில் எங்கே என்ன செய்யலாம் என்று வகுக்கிற கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடங்களில் படகு நிறுத்துமிடமும் வலை காயப்போடும் இடமும் விடுபட்டிருக்கின்றன என்று 2023-ல் கடலோர மாவட்டங்களில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் சொன்னதும் இதைத்தான்.

சென்னையிலும் இதே கதைதான். நொச்சிக்குப்பம் வழியாகப் போகும் லூப் ரோட்டில் மீன் கடைகளை 2023 ஏப்ரலில் அகற்றத் தொடங்கியதும் பெரிய போராட்டம் வெடித்தது. பக்கத்திலேயே கட்டிய மீன் அங்காடி திறந்தது 2024 ஆகஸ்டில். 300-க்கும் மேற்பட்ட கடைகள், நல்ல ஏற்பாடுதான். அதைத் திறந்துவிட்டுக் கடைகளை நகர்த்தியிருந்தால் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் அத்தனை குடும்பங்கள் தவித்திருக்க வேண்டாம்.

உள்ளூரில் லாபம் பார்க்கிறவர்களும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வண்டி நிறுத்துமிடம் தூரப் போனால் ஆட்டோக்காரர்களுக்கு ஓட்டம் கூடுகிறது. லாட்ஜ், ஓட்டல் வைத்திருப்பவர்களுக்கு வருமானம். உடன்குடிக் கருப்பட்டி விற்கிறவருக்கும் நல்ல காலம்தான். ஆனால் கடைக்கு முன்பணம் கட்ட முடிந்தவருக்கே அந்த லாபம். சாயங்காலம் காற்று வாங்கப் பிள்ளைகளோடு போகிற ஊர்க் குடும்பம், தன் ஊர்க் கரைக்கே வண்டிக்குக் கட்டணம் கொடுத்து நுழைகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காயல்பட்டினம் கடற்கரை இருக்கிறது. சாயங்காலமானால் ஊரே அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பெண்களும் பிள்ளைகளும் நிம்மதியாக வந்துபோகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கரையிலும் ஊருக்கென்று ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும் என்று தோன்றும்.

மனிதர்களை விடுங்கள், கடலுக்கு என்ன செய்கிறோம்? 2025 தொடக்கத்தில் கோயிலுக்கு முன்னால் மணல் பெரிய அளவில் அரித்துப்போனது. இறங்கிக் குளிக்கத் தயங்குகிற அளவுக்குச் செங்குத்தாகப் பள்ளம் விழுந்தது. தீர்த்தங்களின் பேர் பொறித்த பழைய கற்கள்கூட வெளியே தெரிந்தன. அமலிநகரில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு, அதாவது தூண்டில் வளைவுதான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. படகையும் வீட்டையும் கடல் கொண்டுபோகிறதே என்று பல வருஷம் கேட்டு வாங்கியது அந்த வளைவு. கடலோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் குறையும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு நகரத்தின் மணல்கரை காணாமல் போய்ப் பாறைக்கல்தான் மிஞ்சியது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பின்னரே ஒரு பகுதியில் மணல் திரும்ப வந்தது. ஆகவே அமலிநகருக்கு ஒரு திட்டம், கோயில் கரைக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாகப் போடாமல், ஆலந்தலை தொடங்கிக் காயல்பட்டினம் வரைக்கும் ஒரே கரையாக ஆராய்ந்து செய்ய வேண்டும். பக்தரையும் மீனவரையும் எதிரெதிரே நிறுத்துவது இரண்டு பேருக்குமே கேடு.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். நாழிக்கிணறு கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் நல்ல தண்ணீர் தருவதை எல்லாரும் அதிசயமாகப் பார்க்கிறார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனம் குறைவு என்பதால் உப்புநீருக்கு மேலே தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரைக்கும் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்புநீர் 40 அடி ஏறும். கூட்டத்தை நம்பி எழும்புகிற ஒவ்வொரு விடுதியும் ஆழ்துளை போட்டு உறிஞ்சினால், முதலில் உப்புக் கரிக்கப்போவது தெருக்களில் இருக்கிற வீட்டுக் கிணறுகள். மணலைக் கான்கிரீட்டால் மூடினால் இறங்குகிற மழையும் குறையும். கடற்கரைத் திட்டம் என்றால் குடிதண்ணீர்த் திட்டமும் கூடவே வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எனக்குக் கேட்டால், கான்கிரீட் எதுவானாலும் ஊர்ப்பக்கமாகப் பின்னால் இருக்கட்டும். மணலில் வேண்டியது உடை மாற்றும் அறை, கழிப்பறை, குடிநீர், கொஞ்சம் நிழல். 2019-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே கடற்கரையில் இவற்றைத் தற்காலிக அமைப்பாகத்தான் அனுமதிக்கிறது, அதுவும் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது ஓதத்தில் கடல் ஏறி வருகிற எல்லையிலிருந்து, 10 மீட்டராவது தள்ளி. கழற்றி வைக்கக்கூடியதாக இருந்தால் கடல் ஏறி வரும் மாதங்களில் பின்னால் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு திட்டம் வருகிறது என்றால் டெண்டர் விடுவதற்கு முன்னால் வரைபடத்தைக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். படகு ஏறி இறங்கும் பாதை எத்தனை அடி அகலம், வலை காயும் இடம் எது, கடை வரிசை குளிக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது, கட்டணம் இல்லாமல் நடந்து வரும் வழி எது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். எது விட்டுப்போயிருந்தாலும் கூட்டத்தில் பேசியதோடு நிறுத்தாமல் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வியாபாரிகள் சங்கம், மீனவர் ஊர்க் கமிட்டி, குடியிருப்போர் என மூன்று தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.