சான்டா பார்பராவிலிருந்து ஓஹாய் வரை: எந்தக் காற்றை நம்புவது?

கேள்வி: கலிபோர்னியாவில் வென்சுராவில் வேலை பார்க்கிறேன். பாராகிளைடிங்கில் பி-3 (இடைநிலை விமானி) தகுதி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. சான்டா பார்பரா மலைச்சரிவை ஒட்டிப் பறந்த பழக்கம் உண்டு. அங்கிருந்து கிழக்கே ஓஹாய் வரை, சுமார் 40 கிலோமீட்டர், முதல் கிராஸ்-கன்ட்ரி (கிளம்பிய இடத்தை விட்டுத் தொலைதூரப் பறத்தல்) போக ஆசை. ஆனால் வானிலைச் செயலியைத் திறந்தால் டேக்-ஆஃபில் (கிளம்பும் இடத்தில்) தெற்குக் காற்று, முகட்டுக்கு மேல் வடமேற்கு, ஓஹாயில் மேற்கு என்று காட்டுகிறது. எதை நம்புவது சார்? போகலாமா?

பதில்: மூன்றையும் நம்புங்கள். செயலி குழம்பவில்லை, அந்த ஊர்க் காற்றே அப்படித்தான்.

சான்டா யினெஸ் மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே சுமார் 1,200 மீட்டர் எழும்பிவிடுகிறது. வெயில் ஏறித் தெற்குச் சரிவு சூடானதும் கடற்காற்று சரிவேறத் தொடங்கும். டேக்-ஆஃபில் உங்கள் முகத்தில் படுவது அதுதான். அதன் தடிமன் பெரும்பாலும் சில நூறு மீட்டர். அதற்கு மேலே அன்றைய பொதுக்காற்று, வடக்கேயுள்ள பள்ளத்தாக்கைக் கடந்து வருவது. இரண்டும் மென்மையாக முகட்டருகே சந்தித்தால் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அந்தக் கன்வெர்ஜென்ஸ் (காற்றுகள் கூடும்) கோட்டில் வட்டமடிக்காமலேயே நேராகக் கிழக்கே ஓடலாம். இந்த மலையில் கிடைக்கும் பெரிய விருந்து அது.

அதே வடகாற்று கொஞ்சம் பலத்துவிட்டால் தெற்குச் சரிவு முழுக்கக் காற்றுமறைவுப் பக்கமாகிவிடும். அப்போதும் டேக்-ஆஃபில் தெற்குக் காற்று அடிக்கும்; தெர்மல் (சூடாகி மேலெழும் காற்று) உறிஞ்சுவதால், சில சமயம் ரோட்டரின் (மலைக்குப் பின்னால் உருளும் காற்றுச் சுழலின்) அடிப்பகுதி என்பதால். ஆகவே காற்று வரும் நேரத்தைவிட அது ஓயும் நேரத்தைப் பாருங்கள். கால் மணி நேரம் விங்கைப் பிரிக்காமல் நில்லுங்கள். காற்றுத் திசை காட்டக் கட்டிய நாடா துவண்டு தொங்கி, மறுபடி முன்பக்கமிருந்தே எழுந்தால் சரி. ஓய்வின்போது நாடா பின்பக்கமிருந்து கடலை நோக்கி நீண்டால், விங்கைப் பையில் போட்டுக் கீழே இறங்குங்கள். முன்னால் கிளம்பியவர் முகட்டு உயரம் தாண்டியதும் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படுகிறார் என்பதும் நல்ல சாட்சி. கடல் பக்கம் வேகமாக நகர்கிறார் என்றால் மேலே யார் ஆட்சி என்று தெரிந்துவிடும்.

மாலையில் இதன் முரட்டு வடிவம் உண்டு. ஊர்க்காரர்கள் அதை சன்டவுனர் என்பார்கள். மலை தாண்டிச் சூடாகவும் வறட்சியாகவும் கடலை நோக்கி இறங்கும் காற்று. 1990 ஜூன் 27 அன்று பெயின்டட் கேவ் பகுதியில் பிடித்த தீயைச் சில மணி நேரத்தில் 101 நெடுஞ்சாலைக்கு அப்பால் தள்ளியது இதுதான். காலையிலேயே சான்டா பார்பரா, சான்டா மரியா, பேக்கர்ஸ்ஃபீல்டு விமான நிலையங்களின் காற்றழுத்தத்தை ஒப்பிடுங்கள். மற்ற இரண்டிலும் அழுத்தம் சான்டா பார்பராவைவிட அதிகமாகிக்கொண்டே போனால் அன்று பறக்க வேண்டாம். ரெஃபூஜியோ, சான் மார்கோஸ் கணவாய் நிலையங்களில் வடகாற்று வலுக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் மேற்கே தொடங்கித்தான் கிழக்கே பரவும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய இடம்: வழியிலுள்ள கடலோர ஊரான கார்பின்டீரியாவுக்குக் கிழக்கே, காசிடாஸ் கணவாய்.

சான்டா பார்பராவை அடுத்த மொன்டிசிட்டோ தாண்டும்வரை விஷயம் எளிது. வலப்பக்கம் கடற்கரை, உயரம் குறைந்தால் அங்கே போய்விடலாம். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று மேற்கிலிருந்து வீசத் திரும்பி முதுகில் தள்ளும். ஜிபிஎஸ் தரைவேகம் மணிக்கு 57 கிலோமீட்டர் காட்டும். உங்கள் விங்கின் டிரிம் வேகம் (பிரேக் இழுக்காமல் தானாகப் பறக்கும் வேகம்) 38 என்றால் மீதி 19 காற்று கொடுத்த கடன். கணக்கைப் பாருங்கள்: 9-க்கு 1 சறுக்கும் (ஒரு மீட்டர் இறங்க 9 மீட்டர் முன்னேறும்) விங், தரையிலிருந்து 900 மீட்டர் உயரத்தில், அசைவற்ற காற்றில் 8 கிலோமீட்டர் போகும். 19 கிலோமீட்டர் வேகப் பின்காற்றில் 12. அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் நாலே கிலோமீட்டர். கடற்கரையில் இறங்கலாம் என்ற மாற்றுத் திட்டம் உங்களுக்குத் தெரியாமலேயே கைவிட்டுப் போயிருக்கும்.

கணவாயில் கடற்காற்று குறுகிய இடத்துக்குள் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். தாழ்வாக உள்ளே போனால் மேடுகளுக்குப் பின்னால் ரோட்டர்; கீழே புதர்க்காடும் அவகாடோ தோப்பும் மின்கம்பிகளும். ஆகவே கார்பின்டீரியாவுக்கு மேலேயே நின்று, முகட்டைவிட நல்ல உயரம் ஏறிய பிறகுதான் கிழக்கே நகர வேண்டும். அங்கிருந்து நகருமுன் கணவாய்க்குக் கிழக்கேயுள்ள காசிடாஸ் ஏரியைப் பாருங்கள். மேற்குக் கரையோரம் கண்ணாடி போன்ற பட்டையும் மற்ற இடமெல்லாம் கருத்த சிற்றலையும் தெரிந்தால் மேற்குக் காற்று தரைவரை வந்துவிட்டது. நடு ஏரியில் வெள்ளை நுரை தெரிந்தால் அன்றைய பயணம் அத்தோடு சரி; கடற்கரைப் பக்கம் இறங்கிவிடுங்கள். உயரம் எவ்வளவு இருந்தாலும் முதல் தடவைக்கு இதில் விலக்கு வேண்டாம்.

ஓஹாய் பள்ளத்தாக்குக்கு வென்சுரா ஆற்று வழியாகத் தனியாக ஒரு கடற்காற்று வந்துசேரும். பிற்பகலில் வலுக்கும். கடைசி 300 மீட்டரில் அந்த அடுக்குக்குள் நுழையும்போது விங் உதறும்; பிரேக்கில் லேசான அழுத்தம் வைத்து வேகத்தை விடாமல் இறங்குங்கள். ஆரஞ்சுத் தோப்பை ஒட்டிய மரவரிசைக்குப் பின்னால் இறங்கவே கூடாது. மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்று கலங்கியிருக்கும். தரை தொட்டதும் பிரேக்கை முழுக்க இழுத்தால் விங் உங்களை வாரிக்கொண்டு போகும். திரும்பி, பின் ரைசரை (விங்கின் பின்பக்கக் கயிறுகள் சேரும் பட்டையை) இழுத்து அதை வீழ்த்துங்கள்.

நாள் தேர்வு: குளிர்முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்த மறுநாள் வேண்டாம், வடகாற்று மிச்சமிருக்கும். அதற்கடுத்த நாள்கள் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் கடல்மேகம் தாழ்ந்து கிடந்து தெர்மலை அமுக்கிவிடும். சான்டா பார்பரா விமான நிலையத்தின் சி வகை (கட்டுப்பாட்டுக்குட்பட்ட) வான்வெளி மேற்கே இருக்கிறது, வரைபடத்தில் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்க அனுமதியுள்ள இடங்களை சான்டா பார்பரா சோரிங் அசோசியேஷன்காரர்களிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவரோடு போவது இன்னும் நல்லது.

போகலாமா என்றால், போகலாம். ஆனால் முதல் இலக்கு கார்பின்டீரியா. காரையும் அங்கேயே நிறுத்துங்கள், ஓஹாயில் வேண்டாம். ஓஹாயில் கார் நின்றால் கணவாய்க்கு முன்னால் உங்கள் கணக்கு தப்பத் தொடங்கும்.