அரைத் தேக்கரண்டி உப்பு – கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

நான் கொழும்பில் மருத்துவ ஆய்வு செய்யும் ஒரு டொக்டர். நீரிழிவு கிளினிக்குக்கு வரும் தமிழ் பேசும் நோயாளிகள், தங்களுக்குத் தரப்படும் தமிழ் அறிவுரைத் தாளை எந்தளவுக்கு விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து, ஐந்து வருடங்களுக்கு முன் ஓர் உள்ளூர்ச் சஞ்சிகையில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். இன்றுவரை மூன்று கட்டுரைகளே அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று நானே எழுதியது. என்னோடு படித்தவர் ஒரு வெளிநாட்டு ஆய்வுக் குழுவில் நூறு பெயர்களில் ஒரு பெயராகச் சேர்ந்து, மேற்கோள்களை எண்ணி ஆய்வாளரை அளக்கும் எச்-சுட்டெண்ணில் என்னை எங்கோ தாண்டிப் போய்விட்டார். பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் என்னுடைய எண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் சஞ்சிகைகளைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். மேற்பார்வையாளரோ, யாரும் சீண்டாத விஷயத்தை விட்டுவிட்டு மரபணுப் பக்கம் வரச் சொல்கிறார். நான் தலைப்பை மாற்றவா? இன்னொரு சந்தேகம்: ‘சைட்டேஷன்’ என்பதற்கு ‘மேற்கோள்’ பொருத்தமான சொல்தானா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்பின் பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பேரனுக்கு வயிற்றோட்டம். ஜீவனி என்ற உப்புச்சீனிப் பொடி பக்கற்றைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்தபடி, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கரண்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரண்டியும் உங்கள் கடிதமும் ஒரே விஷயம் என்று பட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காசு வாங்கி அச்சிடும் சஞ்சிகைகள்: வேண்டாம். உங்களை நீங்களே மேற்கோள் காட்டியது: அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் செய்கிறார்கள். நேர்முகத்தில் சிரித்தவர்கள்: சிரிக்கட்டும். அந்த எண்ணை ஹேர்ஷ் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் 2005இல்தான் முன்மொழிந்தார். ஏழு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஏழு தடவை காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் ஏழு, அவ்வளவுதான். சிரித்தவர்கள் படித்த காலத்தில் அது பிறந்தே இருக்கவில்லை. ‘என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியர் சூத்திரத்துக்குச் சூத்திரம் சொல்லிக்கொண்டு போகிறாரே, அந்தப் புலவர்களின் எச்-சுட்டெண் பூச்சியம். பெயர் சொல்லாவிட்டால் கணக்கில் வராது.

சொல்லைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ‘மேற்கோள்’ சரியான சொல்தான். பிழை சொல்லில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது. ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தின் முன் எப்படியெல்லாம் நிற்கலாம் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் ஏழு மதங்கள், அதாவது ஏழு நிலைப்பாடுகள், சொல்கிறது. உடன்படலாம். மறுக்கலாம். பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி நிறுவலாம். இருவர் மாறுபடும்போது ஒருவர் பக்கம் துணியலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலாம். எதிலும் படாமல் தன் மதத்தையே கொள்ளலாம். மேற்கோள்களை எண்ணும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் ‘லான்செட்’டில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கான மேற்கோள்கள் ஆயிரத்தைத் தாண்டும். பெரும்பாலானவை அது பிழை என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை. இயந்திரம் அவற்றையும் வரவில்தான் வைக்கிறது.

பவணந்தி முனிவருக்குத் தெரியாத எட்டாவது மதம் ஒன்றும் இருக்கிறது: படிக்காமலே காட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ ஒரு கடிதத்தை வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரை அல்ல, நீங்கள் எனக்கு எழுதியதுபோல ஒரு கடிதம். ஐந்தே வாக்கியம், உங்களுடையதைவிடச் சிறியது. போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதியது. அபின் வகை மருந்து கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேரே அதற்கு அடிமையானதாகப் பதிவேடுகளில் இருந்தது என்றார்கள். அந்த 11,882 பேரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்கள். கடிதத்திலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. 2017இல் அதே சஞ்சிகையில் கனடிய ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 608 மேற்கோள்கள். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை, இந்த மருந்துக்கு யாரும் அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தன. நூற்றுக்கு எண்பது, ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பற்றி மூச்சே விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளுக்கு அந்த ஐந்து வாக்கியங்கள் நற்சான்றிதழ் ஆயின. அமெரிக்காவில் அந்த மாத்திரைகளால் அதற்குப் பிறகு விழுந்த பிணங்களின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஐந்து வாக்கியம், பிள்ளை! அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்காதவர்களின் எண்ணிக்கைக்காகவா நீங்கள் ஏங்குகிறீர்கள்?

இனிக் கரண்டிக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துக் காலம். ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர், வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு வீட்டிலேயே என்ன கரைத்துக் கொடுப்பது என்று தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. 1971இல் வங்க அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவி, ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனபிஸ் என்ற இந்திய டொக்டர் இப்படித்தான் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் அதை எழுதி வெளியிட்டது 1973இல், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவச் சஞ்சிகையில். அந்தச் சஞ்சிகையே 1982இல் நின்றுபோய்விட்டது. ஆனால் உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுவல்ல, 1951இல் லோரி என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் எழுதியது. புரதத்தை அளக்கும் ஒரு முறை, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அது பெரிய கட்டுரை ஒன்றுமில்லை என்று லோரியே சொல்லியிருக்கிறார்.

எங்கள் அச்சுக்கோப்பவர் ‘அரை மேசைக்கரண்டி உப்பு’ என்று கோத்துவிட்டார். நான் அதைப் பிடிக்கவில்லை. எழுத்துப்பிழையைத் தேடினேன், எழுத்துப்பிழை இருக்கவில்லை. டொக்டர் தெஹிவளையிலிருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து வெயிலில் நடந்து வந்தார். மெய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கோபப்படாமல், “தம்பி, இது மூன்று மடங்கு உப்பு. வாடிப்போன குழந்தைக்கு இதைக் கொடுத்தால் வலிப்பு வரும். பிழைக்காமலும் போகலாம்” என்றார். எனக்குக் கை நடுங்கியது. திருத்தினோம். மறுநாள் திரும்பவும் வந்தார். தேக்கரண்டி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதே அளவில் படம் வரைவித்து புளொக் செய்து போட்டோம். மூன்றாம் தடவை வந்தது தன் பெயரை எடுப்பதற்கு. முதலாளி மரியாதைக்காகப் பட்டத்தோடு அடியில் போட்டிருந்தார். அந்த இடத்தில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

இப்போது உங்களிடம் கோபமாக ஒன்று கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ‘நோயாளிகள்’ என்ற சொல் ஒரே ஒரு தடவை வருகிறது. தாள் அவர்களுக்கு விளங்குகிறதா என்று ஆராய்ந்தீர்கள். விளங்கியதா இல்லையா என்று எனக்குக்கூட எழுதவில்லை. விளங்கவில்லை என்றால், அந்தத் தாளைத் திருத்தினீர்களா? ‘சீனி வருத்தம்’ என்று சொல்லும் கிழவிக்கு ‘குருதி வெல்ல மட்டம்’ என்று எழுதிக் கொடுக்கும் தாள் இன்றைக்கும் அதே கிளினிக்கில் கிடக்கிறதா? தமிழர்களுக்குத் தமிழ் விளங்குகிறதா என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அதையும் ஆங்கிலத்தில் யாரும் படிக்கவில்லை என்று அழுகிறீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழைக் கற்று, உடற்கூற்றியலையும் பிரசவ மருத்துவத்தையும் தமிழில் அச்சிட்டுத் தமிழிலேயே டொக்டர்களை உருவாக்கினார். உங்களுக்கு அந்த மொழி தாயிடமிருந்து சும்மா கிடைத்தது.

கோபம் தீர்ந்தது. தலைப்பை மாற்றுவதா என்பதை உங்கள் வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். பதவி உயர்வு இல்லாமல் வெள்ளவத்தையில் வாடகை கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து, முகத்துவாரத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனபோது, புகையேறிய சுவரில் அந்தத் துண்டுப்பிரசுரம். அடிப்பகுதி கிழிந்துவிட்டது, கரண்டிப் படம் இருந்தது. படத்தின் மேல் ஒரு கரண்டியை வைத்து யாரோ பென்சிலால் சுற்றிக் கோடு கீறிப் பார்த்திருந்தார்கள். யார் எழுதியது தெரியுமா என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். “தெரியாது, மாமி ஒட்டியது” என்றார்.

உங்கள் அறிவுரைத் தாளில் ஒரு பிரதி அனுப்புங்கள். கட்டுரை வேண்டாம், தாளை அனுப்புங்கள். மெய்ப்புப் பார்க்க எனக்கு இன்னும் கண் இருக்கிறது. இந்த முறை கரண்டியையும் பார்ப்பேன்.

அன்புடன்.